மவுஸ் மாற்றியும் குறி தள்ளிப் போகிறது: டிபிஐயா, சென்ஸா, லேகா?

1 | இரவுப்பறவை

எல்லோருக்கும் வணக்கம். ஒரு மாதமாக மண்டையைக் குடையும் விஷயம், உதவி வேண்டும்.

ஆறு வருடமாக ஒரே வயர் மவுஸ்தான் வைத்திருந்தேன். போன மாதம் முதல்முறையாக ஒரு நல்ல கேமிங் மவுஸ் வாங்கினேன். வயர்லெஸ், 1000 ஹெர்ட்ஸ் போலிங் (நொடிக்கு 1000 முறை கணினிக்குச் செய்தி), 26,000 டிபிஐ (ஒரு அங்குல அசைவுக்கு மவுஸ் அனுப்பும் எண்ணிக்கை) வரை போகும் என்று பெட்டியில் போட்டிருக்கிறது. டிபிஐ கூடினால் மவுஸ் சொன்னதைச் சீக்கிரம் கேட்கும் என்று நினைத்து 3200 வைத்தேன். கவுண்டர்-ஸ்ட்ரைக் 2 என்ற துப்பாக்கிச் சண்டை கேமில் சென்சிடிவிட்டி (சென்ஸ்) 1.

கையை நகர்த்தினால் கிராஸ்ஹேர் (திரை நடுவில் இருக்கும் குறி) கொஞ்சம் கழித்துத்தான் கிளம்புகிறது. பிசினுக்குள் இழுக்கிற மாதிரி இருக்கிறது. கிளம்பிவிட்டால் ஆளைத் தாண்டிப் போய் நிற்கிறது. திருப்பி இழுத்தால் இந்தப் பக்கம் தாண்டுகிறது. இது போதாதென்று இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை சின்னதாக ஒரு குதி.

டிபிஐயை 1600, 800, 400 என்று எல்லாம் வைத்துப் பார்த்துவிட்டேன். 400இல் திரும்பவே முடியவில்லை, மவுஸ்பேட் தீர்ந்துவிடுகிறது. ஆனால் எதில் வைத்தாலும் அந்தப் பிசின் அப்படியே இருக்கிறது. பழைய மவுஸில் இதைவிட நன்றாக ஆடினேன் என்பதுதான் வேதனை.

லேக் (தாமதம்) குறைய எந்த டிபிஐ வைக்க வேண்டும்? மானிட்டர் 144 ஹெர்ட்ஸ், 1080பி.

2 | கணக்கன்

நண்பா, மூன்று தனித்தனிக் கோளாறுகளை ஒரே கேள்வியில் கேட்டிருக்கிறீர்கள். குறி தாண்டிப் போவது சென்சிடிவிட்டி. தாமதமாகக் கிளம்புவது லேக். நடுவில் குதிப்பது வயர்லெஸ் சிக்னலாகவோ ஃபிரேம் (திரையில் வரும் ஒவ்வொரு படம்) விழுவதாகவோ இருக்கலாம். மூன்றுக்கும் டிபிஐ பட்டனையே அழுத்திக்கொண்டிருந்தால் ஒரு மாதம் என்ன, ஒரு வருடமானாலும் தீராது.

இவற்றைச் சொல்லுங்கள்: வி-சிங்க் (ஃபிரேமை மானிட்டரின் சுற்றோடு ஒத்துப்போக வைக்கும் வசதி) கேமிலும் டிரைவரிலும் எப்படி இருக்கிறது? ஆடும்போது கிராஃபிக்ஸ் கார்டு எத்தனை சதவீதம் ஓடுகிறது? மவுஸின் சிக்னலை வாங்கும் டாங்கிளை எங்கே செருகியிருக்கிறீர்கள்? விண்டோஸ் மவுஸ் அமைப்பில் ‘என்ஹான்ஸ் பாயிண்டர் பிரிசிஷன்’ டிக் இருக்கிறதா?

3 | செந்தழல்

400 வையுங்கள், வேறு பேச்சே வேண்டாம். டோர்னமெண்ட் ஆடுகிறவர்களில் 400, 800 தாண்டுகிறவர்கள் குறைவு. 26,000 என்பதெல்லாம் பெட்டியில் அச்சடிக்க. டிபிஐ ஏறினால் கை நடுக்கம்கூடக் குறியில் தெரியும். நான் பத்து வருடமாக 400, சென்ஸ் 2.2. மாற்றியதே இல்லை.

(பின்னர் சேர்த்தது: பதிவு 16ஐயும் படியுங்கள்.)

4 | கணக்கன்

செந்தழல் சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். 26,000 யாருக்கும் தேவைப்படாது. ஆனால் ‘டிபிஐ ஏறினால் நடுக்கம் தெரியும்’ என்பது சென்ஸைக் குறைக்காமல் டிபிஐயை மட்டும் ஏற்றினால்தான். இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

மவுஸுக்குத் திரை என்று ஒன்று இருப்பதே தெரியாது. அது தரையைப் படம் பிடித்து, முந்தின படத்தோடு ஒப்பிட்டு, ‘இந்தப் பக்கம் இத்தனை’ என்று எண்ணி அனுப்புகிறது. அந்த எண்ணைத்தான் கவுண்ட் என்கிறோம். 800 டிபிஐ என்றால் ஒரு அங்குலம் நகர்த்தும்போது 800 கவுண்ட் போகும். கேம் ஒவ்வொரு கவுண்டுக்கும் இத்தனை டிகிரி என்று பார்வையைத் திருப்புகிறது. கவுண்டர்-ஸ்ட்ரைக்கில் சென்ஸ் 1 என்றால் ஒரு கவுண்டுக்கு 0.022 டிகிரி. 1996இல் வந்த குவேக்கில் இருந்த அதே எண்தான் இன்று வரை தொடர்கிறது.

ஆகவே உங்கள் கை உணர்வது டிபிஐயையும் அல்ல, சென்ஸையும் அல்ல. இரண்டையும் பெருக்கி வருவதை. அதற்கு இடிபிஐ என்று பெயர். அதைவிடத் தெளிவானது, ஒரு முழுச் சுற்று திரும்ப மவுஸை எத்தனை சென்டிமீட்டர் இழுக்க வேண்டும் என்பது. 360ஐ 0.022 × சென்ஸ் × டிபிஐ என்பதால் வகுத்தால் அங்குலத்தில் வரும், 2.54ஆல் பெருக்கினால் சென்டிமீட்டர்.

இரவுப்பறவை, உங்கள் 3200 × 1ஐப் போட்டுப் பாருங்கள். 13 செ.மீ. அதாவது உள்ளங்கை அகலத்தைப் போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு இழுத்தால் முழுச் சுற்று வந்துவிடுகிறது. எதிரி பத்து டிகிரி தள்ளி நின்றால் நீங்கள் நகர்த்த வேண்டியது 3.6 மில்லிமீட்டர். அதில் அரை மில்லிமீட்டர் கூடினால் 1.4 டிகிரி தப்பு. தாண்டாமல் என்ன செய்யும்? அதே சென்ஸ் 1இல் 400 வைத்ததும் சுற்றுக்கு 104 செ.மீ. ஆகிவிட்டது. பேட் தீர்ந்ததும் அதனால்தான். நீங்கள் டிபிஐயைச் சோதிக்கவில்லை, ஒவ்வொரு முறையும் முற்றிலும் வேறொரு சென்சிடிவிட்டிக்குப் போய்க்கொண்டிருந்தீர்கள். டிபிஐயை இரட்டிப்பாக்கினால் சென்ஸைப் பாதியாக்க வேண்டும். அப்போதுதான் ஒப்பிட முடியும்.

இனி லேக். டிபிஐ கூடினால் லேக் குறையுமா? கொஞ்சம் குறையும் என்றுதான் கணக்கு சொல்கிறது. மெதுவாக, நொடிக்கு ஒரு அங்குலம் நகர்த்துகிறீர்கள் என்று வையுங்கள். 400இல் 2.5 மில்லிசெகண்டுக்கு ஒரு கவுண்ட். 1600இல் 0.625 மில்லிசெகண்டுக்கு ஒன்று. முதல் செய்தி அவ்வளவு சீக்கிரம் கிளம்புகிறது. வேகமாக ஃப்ளிக் செய்யும்போது (குறியைச் சட்டென்று வீசும்போது) இரண்டுமே போலிங் இடைவெளியைவிடச் சின்னதாகிவிடும், வித்தியாசம் இருக்காது.

அதனால் என் பரிந்துரை 800 அல்லது 1600, சென்ஸை அதற்கேற்ப இறக்குங்கள். ஆனால் நீங்கள் சொல்லும் பிசின் இந்த இரண்டு மில்லிசெகண்ட் அல்ல. அது வேறெங்கோ இருக்கிறது.

5 | செந்தழல்

கணக்கு சரி. ஆனால் 400இல் வைத்தால் குறி திடமாக நிற்கிறது, 1600இல் நிற்பதில்லை. சென்ஸைப் பாதியாக, கால்வாசியாகக் குறைத்தும் அப்படித்தான். என் கை பொய் சொல்லாது.

6 | பொறிவண்டு

இதில் இரண்டு பேரிடமும் ஒவ்வொன்று கேட்க வேண்டும்.

செந்தழல் அண்ணா, 400 × 2.2இல் ஒரு கவுண்டுக்கு 0.0484 டிகிரி. 1080பி திரையில் கவுண்டர்-ஸ்ட்ரைக்கின் வழக்கமான பார்வைக் கோணத்தில், நடுவில் இருக்கும் ஒரு பிக்சலின் அகலம் சுமார் 0.08 டிகிரி. ஆக உங்கள் ஒரு கவுண்ட் ஒரு பிக்சலுக்குள் அடங்குகிறது. பிக்சல் தாவும் என்று பயமுறுத்துகிறார்களே, அது உங்களுக்குப் பொருந்தாது. சென்ஸ் 3.6ஐத் தாண்டினால்தான் ஒரு கவுண்ட் ஒரு பிக்சலைவிடப் பெரிதாகும். திடமாக நிற்பதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம்: ஒரு கவுண்டுக்குக் குறைவான நடுக்கத்தை 400 பார்ப்பதே இல்லை, 1600 பார்க்கிறது.

கணக்கன், உங்கள் 2.5க்கு 0.625 என்ற ஒப்பீடு முழுசாக இல்லை. 1600இல் முதல் கவுண்ட் சீக்கிரம் வருகிறது, உண்மை. ஆனால் அது திருப்புவது கால்வாசிதானே? கண்ணுக்குத் தெரிய ஒரு பிக்சலாவது நகர வேண்டும். 400இல் அதற்கு 2 கவுண்ட், 5 மில்லிசெகண்ட். 1600இல் 7 கவுண்ட், சுமார் 4.4 மில்லிசெகண்ட். திரையில் மிஞ்சுவது அரை மில்லிசெகண்ட் சொச்சம்தான்.

7 | கணக்கன்

பொறிவண்டு, சரியான இடத்தில் பிடித்தீர்கள். கவுண்ட் கிளம்பும் நேரத்தையும் பிக்சல் நகரும் நேரத்தையும் ஒன்றாக்கிவிட்டேன். என் கணக்கைத் திருத்திக்கொள்கிறேன். லேக்குக்காக மட்டும் 400ஐ விட்டு வரச் சொல்ல எனக்குக் காரணம் இல்லை.

8 | மரகதன்

400 எங்கிருந்து வந்தது என்றும் சொல்லிவிடலாம். கவுண்டர்-ஸ்ட்ரைக் 1.6 காலத்தில் பலர் கையில் இருந்த மைக்ரோசாஃப்ட் இன்டெல்லிமவுஸ் எக்ஸ்ப்ளோரர் 3.0இன் டிபிஐயே 400தான். வேறு தேர்வு இல்லை. அதில் பழகியவர்கள் அடுத்த மவுஸ் வாங்கும்போது கை மாறக்கூடாது என்று 400ஐயே வைத்தார்கள். அவர்களைப் பார்த்து அடுத்த தலைமுறை. அதில் தவறு ஒன்றுமில்லை, ஆனால் அது பழக்கத்தின் எண், லேகைக் குறைப்பதற்கென்று கண்டுபிடித்த எண் அல்ல.

9 | இரவுப்பறவை

13 செ.மீ. கணக்கைப் பார்த்து ஆடிப்போய்விட்டேன். உடனே 1600 வைத்துச் சென்ஸை 0.6 ஆக்கினேன். 43 செ.மீ. வருகிறது. தாண்டிப் போவது அன்றைக்கே பாதிக்கு மேல் நின்றுவிட்டது. ஒரு மாதம் என் கையைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

கேட்ட விவரங்கள்: என்ஹான்ஸ் பாயிண்டர் பிரிசிஷன் டிக் இருந்தது. வி-சிங்க் கேமிலும் ஆன், டிரைவரிலும் ஆன், திரை கிழிவது (படம் குறுக்கே வெட்டுப்பட்டுத் தெரிவது) பிடிக்காமல் போட்டது. கார்டு 98, 99 சதவீதம் ஓடுகிறது, எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை ஃபிரேம்) 110க்கும் 140க்கும் இடையில். டாங்கிள் பெட்டிக்குப் பின்னால், எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் செருகியிருக்கும் நீலப் போர்ட்டுக்கு அடுத்தது. பிசின் அப்படியே இருக்கிறது.

10 | வெண்கலம்

இனி ஊகம் வேண்டாம் தம்பி, அளந்துவிடுவோம். போனில் ஸ்லோ மோஷன் இருக்கிறதல்லவா? 240 எஃப்பிஎஸ் வைத்தால் ஒரு ஃபிரேம் 4.17 மில்லிசெகண்ட். அது போதும். சில போன்களில் 960 என்று காட்டுவது நடுவில் செயற்கையாக ஃபிரேம் சேர்ப்பது, அதை நம்பாதீர்கள்.

போனை எதிலாவது சாய்த்து, மவுஸ் பட்டனும் திரையும் ஒரே படத்தில் வருமாறு வையுங்கள். பிராக்டிஸ் மேப்பில் சுவரைப் பார்த்து நின்று பிஸ்டலால் சுடுங்கள். தயங்கி அழுத்தாமல் விரலை மேலிருந்து சட்டென்று இறக்குங்கள், அப்போதுதான் பட்டன் அடியைத் தொடும் ஃபிரேம் தெளிவாகத் தெரியும். அந்த ஃபிரேமிலிருந்து துப்பாக்கி முனையில் வெளிச்சம் வரும் ஃபிரேம் வரை ஒவ்வொன்றாகத் தள்ளி எண்ணுங்கள். இருபது முறை சுட்டுச் சராசரி எடுங்கள். ஒன்றிரண்டு முறை பார்த்து முடிவு செய்யக்கூடாது, மானிட்டர் தன் சுற்றில் எந்த இடத்தில் இருக்கும்போது அழுத்தினீர்கள் என்பதைப் பொறுத்து ஒவ்வொரு முறையும் மாறும். திரை மேலிருந்து கீழாக வரையப்படுவதால் எப்போதும் ஒரே இடத்தையே பாருங்கள்.

இதில் வரும் எண் துல்லியமான லேக் அல்ல, விரலின் பயணமும் சேர்ந்திருக்கும். ஆனால் அமைப்பை மாற்றுவதற்கு முன்னும் பின்னும் ஒப்பிட இதைவிட நல்ல வழி வீட்டில் இல்லை.

ஏன் தாமதம் என்பதையும் சொல்கிறேன். கையிலிருந்து கண் வரை இருப்பது ஒரு சங்கிலி: மவுஸ், யூஎஸ்பி, பிராசஸரில் கேம் கணக்கிடுவது, கிராஃபிக்ஸ் கார்டு வரைவது, மானிட்டர் காட்டுவது. 1000 ஹெர்ட்ஸ் மவுஸ் இதில் எடுப்பது ஒரு மில்லிசெகண்ட் அளவு. உங்கள் கார்டு 99 சதவீதத்தில் திணறும்போது பிராசஸர் என்ன செய்கிறது? அடுத்த ஃபிரேமுக்கான வேலையைத் தயார் செய்து வரிசையில் போட்டுவிட்டுக் காத்திருக்கிறது. டிக்கெட் கவுண்டரில் ஆள் மெதுவாகக் கொடுத்தால் வரிசை நீள்வது போலத்தான். அந்த வரிசையில் நிற்கும் ஒவ்வொரு ஃபிரேமிலும் இருப்பது உங்கள் கையின் பழைய நிலை. அதன் மேல் வி-சிங்க் வந்தால், வரைந்து முடித்த ஃபிரேம்கூட மானிட்டரின் அடுத்த சுற்றுக்காக நிற்க வேண்டும். 144 தொட முடியாமல் ஒரு சுற்றைத் தவறவிட்டால் பழைய படமே 6.9 மில்லிசெகண்டுக்குப் பதில் 13.9 மில்லிசெகண்ட் திரையில் நிற்கும். நீங்கள் பிசின் என்று சொல்வது இதுதான் என்று நினைக்கிறேன்.

மனிதன் பார்த்துச் செயல்படவே 200 மில்லிசெகண்ட் ஆகிறதே, இந்த 30, 40 என்ன செய்துவிடும் என்று கேட்பவர்கள் உண்டு. எதிரியைக் கண்டு சுடுவதற்கு அது பொருந்தும். ஓடுகிற ஆளின் மேல் குறியைப் பிடித்துக்கொண்டே போகும்போது கை, கண், திரை மூன்றும் ஓயாமல் பேசிக்கொண்டிருக்கின்றன. அதில் திரை எப்போதும் பின்தங்கியே பதில் சொன்னால் கை தேவைக்கு மேல் திருத்தும், பிறகு அதைத் திருத்தும். தாண்டிப் போவதில் ஒரு பங்கு இதனாலும் வந்திருக்கும்.

11 | இரவுப்பறவை

வெண்கலம் அக்கா, நேற்று இரவு முழுக்க இதுதான் வேலை. ஒவ்வொரு அமைப்புக்கும் இருபது முறை சுட்டேன்.

முதலில் இருந்தபடியே: சராசரி 22 ஃபிரேம், சுமார் 92 மில்லிசெகண்ட். எண்ணி முடித்ததும் திரும்பவும் எண்ணினேன், நம்ப முடியவில்லை.

வி-சிங்க்கை இரண்டு இடத்திலும் அணைத்ததும்: 14 ஃபிரேம், 58.

நிழல், எஃபெக்ட்ஸ் தரத்தை இறக்கி, கார்டு 80 சதவீதத்துக்குள் வருமாறு எஃப்பிஎஸ்ஸுக்கு வரம்பு வைத்து, என்விடியா ரிஃப்ளெக்ஸும் (ஃபிரேம் வரிசையைக் குறைக்கும் வசதி) போட்டதும்: 9 ஃபிரேம், 37 அல்லது 38.

மவுஸில் எதையும் தொடவில்லை. அதே மவுஸ், அதே டிபிஐ. பிசின் போய்விட்டது. ஸ்டிக்கரைக் கிழித்த மாதிரி கை திரையோடு ஒட்டிக்கொண்டது. இதைத்தான் எல்லோரும் அனுபவித்துக்கொண்டிருந்தீர்களா!

குதி மட்டும் இன்னும் இருக்கிறது. திரையும் கிழிகிறது.

12 | மரகதன்

குதிக்குக் காரணம் உங்கள் ஹார்ட் டிஸ்க்காக இருக்கும். யூஎஸ்பி 3.0 (அந்த நீலப் போர்ட்) வேலை செய்யும்போது எழும் மின் இரைச்சல் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் வரை பரவுகிறது. வயர்லெஸ் மவுஸ் பேசுவதும் அதே 2.4இல்தான். 2012இல் இன்டெல் இதைப் பற்றித் தனி அறிக்கையே வெளியிட்டது. டாங்கிளும் டிஸ்க்கும் பின்னால் ஒட்டி உட்கார்ந்திருக்க, நடுவில் இரும்புப் பெட்டி வேறு மறைக்கிறது. மவுஸோடு ஒரு எக்ஸ்டென்ஷன் கேபிள் வந்திருக்கும், பலர் அதைப் பெட்டியிலேயே விட்டுவிடுகிறார்கள். அதைப் போட்டு டாங்கிளை மவுஸ்பேட் பக்கத்தில், ஒரு சாண் தூரத்தில் வையுங்கள்.

ப்ளூடூத் வசதியும் உள்ள மவுஸ் என்றால் அடியில் இருக்கும் ஸ்விட்ச் 2.4இல்தான் இருக்கிறதா என்று பாருங்கள். ப்ளூடூத்தில் போலிங் வழக்கமாக 125 சுற்றுவட்டாரத்துக்கு இறங்கிவிடும்.

திரை கிழிவதற்கு: மானிட்டரில் ஜி-சிங்க் அல்லது ஃப்ரீசிங்க் (மானிட்டரின் சுற்றைக் கார்டின் வேகத்துக்கு ஏற்ப மாற்றும் வசதி) இருந்தால் ஆன் செய்யுங்கள். அதோடு டிரைவரில் வி-சிங்க்கையும் ஆன் செய்து, எஃப்பிஎஸ்ஸை 144க்குச் சற்றுக் கீழே, 138 போல நிறுத்துங்கள். வரம்பு அதற்குக் கீழே இருக்கும் வரை வி-சிங்க் ஃபிரேமைப் பிடித்து நிறுத்தாது. முன்பு உங்களை வதைத்த அதே வி-சிங்க் இந்தச் சேர்க்கையில் தொந்தரவு செய்யாது.

13 | தேன்சிட்டு

நடுவில் ஒரு கேள்வி. என்னிடம் ஏஎம்டி கார்டு. ரிஃப்ளெக்ஸ் இல்லை. அப்புறம் 8000 ஹெர்ட்ஸ் மவுஸ் வாங்கினால் பிரயோஜனம் உண்டா?

14 | கணக்கன்

ஏஎம்டியில் அதே வேலைக்கு ஆன்டி-லேக் இருக்கிறது. 2023 அக்டோபரில் ஆன்டி-லேக் பிளஸ் என்ற பதிப்பு கேமின் உள்ளே கை வைத்து வேலை செய்ததால் கவுண்டர்-ஸ்ட்ரைக் 2இல் ஆடியவர்களுக்குத் தடை விழுந்தது. கேமை உருவாக்கிய வால்வ் எச்சரித்தது, ஏஎம்டி அதைத் திரும்பப் பெற்றது. 2024இல் வந்த ஆன்டி-லேக் 2 கேமுக்குள்ளேயே சேர்க்கப்பட்டது, அதைக் கேமின் வீடியோ அமைப்பிலேயே போடலாம். எந்த வசதியும் இல்லாவிட்டாலும் கார்டை 99 தொடவிடாமல் எஃப்பிஎஸ் வரம்பு வைப்பதிலேயே பெரும்பகுதி கிடைத்துவிடும்.

8000: 125 ஹெர்ட்ஸில் 8 மில்லிசெகண்டுக்கு ஒரு முறை செய்தி, 1000இல் 1, 8000இல் 0.125. முதல் தாவலில் ஏழு மில்லிசெகண்ட் மிச்சம், இரண்டாவதில் ஒன்றுக்கும் குறைவு. அதற்குப் பிராசஸர் நொடிக்கு 8000 முறை மவுஸுக்குப் பதில் சொல்ல வேண்டும். பழைய பிராசஸரில் மவுஸை வேகமாக ஆட்டும்போது எஃப்பிஎஸ்ஸே விழுவதைப் பார்த்திருக்கிறேன். வயர்லெஸ் என்றால் பேட்டரியும் சீக்கிரம் இறங்கும். 240, 360 ஹெர்ட்ஸ் மானிட்டரும் தெம்பான பிராசஸரும் இருந்தால் 2000, 4000 முயன்று பாருங்கள். இல்லையென்றால் 1000 போதும்.

என்ஹான்ஸ் பாயிண்டர் பிரிசிஷன் பற்றி யாரும் சொல்லவில்லை. அது பெயரில்தான் துல்லியம். கையின் வேகத்தைப் பொறுத்துக் கர்சர் போகும் தூரத்தை மாற்றும் ஆக்சலரேஷன் அது. ரா இன்புட் (விண்டோஸ் மாற்றாத மவுஸ் எண்ணை நேரடியாக) எடுக்கும் கேம்களில் பாதிக்காது, எடுக்காத பழைய கேம்களில் தசைப் பழக்கத்தைக் கெடுக்கும். அணைத்துவிடுங்கள். கர்சர் வேகம் 11 படிகளில் நடுவில் இருக்கும் ஆறாவதில் இருக்கட்டும், அங்கேதான் ஒரு கவுண்டுக்கு ஒரு பிக்சல்.

15 | மழைக்குருவி

நான் கணக்குப் பேச வரவில்லை, மணிக்கட்டைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். இரவுப்பறவையின் 13 செ.மீ.யைப் படித்ததும் மனது அடித்துக்கொண்டது. நான் மூன்று வருடம் ஏறக்குறைய அந்த அளவில்தான் ஆடினேன். முழங்கையை மேசையில் ஊன்றி, மணிக்கட்டை மட்டும் ஆட்டி. ஒரு கட்டத்தில் பாட்டில் மூடியைத் திருகினால் சுண்டுவிரல் பக்கம் சுரீர் என்றது. மருத்துவர் ஆறு வாரம் மவுஸையே தொடக்கூடாது என்றார்.

திரும்பி வந்தபோது 45 செ.மீ.க்குப் போனேன். பெரிய திருப்பத்துக்குத் தோளும் முன்கையும், கடைசிச் சின்னத் திருத்தத்துக்கு மட்டும் மணிக்கட்டு. நாற்காலியை உயர்த்தி முன்கை மேசைக்குச் சமமாக இருக்குமாறு வைத்தேன். மேசை விளிம்பு முன்கையை அறுக்காமல் பெரிய மவுஸ்பேட் விரித்தேன். முதல் பத்து நாள் எல்லோரிடமும் அடி வாங்கினேன், அப்புறம் கை பிடித்துக்கொண்டது.

எண் எதுவானாலும் சரி. வலித்தால் மட்டும் ஆட்டத்தை நிறுத்திவிடுங்கள், அதைத் தாங்கிக்கொண்டு ஆடாதீர்கள்.

16 | செந்தழல்

இரவுப்பறவை அளந்ததைப் பார்த்து எனக்கும் சும்மா இருக்க முடியவில்லை. கிளிக்கை அளந்தால் டிபிஐ பற்றி ஒன்றும் தெரியாது என்பதால் அசைவை அளந்தேன். மவுஸைப் பேடில் வைத்து, பக்கவாட்டில் ஒரு கட்டை ஸ்கேலால் தட்டி, ஸ்கேல் தொடும் ஃபிரேமிலிருந்து திரை நகரும் ஃபிரேம் வரை எண்ணினேன். 400 × 2.2இல் முப்பது முறை, 1600 × 0.55இல் முப்பது முறை. இரண்டுமே சுற்றுக்கு 47 செ.மீ.

இரண்டிலும் 8, சில முறை 9. பிரித்துச் சொல்ல முடியவில்லை. பொறிவண்டு சொன்ன அரை மில்லிசெகண்ட் 240 எஃப்பிஎஸ் போனில் தெரியவும் தெரியாது.

அப்புறம் என் தம்பியை டிபிஐ மாற்றச் சொல்லிவிட்டு, எது என்று தெரியாமல் பத்து ரவுண்டு ஆடினேன். ஆறு முறை சரியாகச் சொன்னேன், நான்கு முறை தப்பு. காசு சுண்டிப் போட்டாலும் அவ்வளவு வந்திருக்கும். கை பொய் சொல்லாது என்று எழுதியிருந்தேன், அதைத் திரும்பப் பெறுகிறேன். 400இல்தான் தொடர்ந்து ஆடுவேன், பத்து வருடப் பழக்கம். ஆனால் புதிதாக வருகிறவரிடம் ‘400 வையுங்கள், வேறு பேச்சே வேண்டாம்’ என்று இனிச் சொல்ல மாட்டேன். பதிவு 3க்குக் கீழே ஒரு வரி சேர்த்திருக்கிறேன்.

17 | தேன்சிட்டு

டிவியில் ஆடுகிறவர்களுக்கு ஒரு வரி: கேம் மோட் போடுங்கள். படத்தை அழகாக்க டிவி செய்யும் வேலைகளுக்கே பல ஃபிரேம் போய்விடும். மவுஸில் என்ன செய்தாலும் அதை ஈடுகட்ட முடியாது.

18 | இரவுப்பறவை

எக்ஸ்டென்ஷன் கேபிள் மவுஸ் பெட்டியின் அடித்தட்டில், பிளாஸ்டிக் கவர்கூடப் பிரிக்காமல் இருந்தது. டாங்கிளைப் பேடின் மேல் விளிம்பில் வைத்தேன். இரண்டு நாளாகக் குதி ஒன்றுகூட இல்லை. உறுதி செய்ய, டாங்கிளைப் பழைய போர்ட்டிலேயே செருகி, டிஸ்க்கில் பெரிய ஃபைல் ஒன்றைக் காப்பி செய்துகொண்டே ஆடிப் பார்த்தேன். காப்பி ஓடும் வரை குதித்துக்கொண்டே இருந்தது, முடிந்ததும் நின்றது.

ஜி-சிங்க், வி-சிங்க், 138 வரம்பு மூன்றும் போட்டாயிற்று. அளந்தால் 9, சில முறை 10 ஃபிரேம். திரை கிழிவதும் இல்லை.

மவுஸ் 1600, சென்ஸ் 0.6. எழுதியிருக்கும் டிபிஐயும் உண்மை டிபிஐயும் சில சதவீதம் வேறுபடும் என்று படித்ததால் ஸ்கேலை வைத்தே பார்த்துவிட்டேன்: மேப்பில் ஒரு சுவர் மூலையில் குறியை வைத்து, பேடில் டேப் ஒட்டி, அதே மூலை திரும்ப வரும் வரை இழுத்தேன். 43.3 வர வேண்டும், 42.5 வந்தது. அதை அப்படியே விட்டுவிட்டேன். டேப்பை இன்னும் எடுக்கவில்லை.

வாலரண்டும் ஆடுவேன். அங்கே என்ன வைப்பது?

19 | பொறிவண்டு

வாலரண்டில் ஒரு கவுண்டுக்கு 0.07 டிகிரி. 0.07ஐ 0.022ஆல் வகுத்தால் 3.18. உங்கள் 0.6ஐ அதால் வகுத்து 0.189 வையுங்கள், அதே 43 வரும். போய் டேப்பில் இழுத்துப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

20 | இரவுப்பறவை

இழுத்துப் பார்த்தேன். டேப்பிலேயே வந்து நின்றது.